பத்து கோடி டிகிரி வாயு ஏன் குளிர்ப் பள்ளமாகத் தெரிகிறது?

கோட்டூர்புரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: “கேலக்ஸிக் கொத்துகளில் இருக்கும் வாயு பத்து கோடி டிகிரி என்கிறீர்கள். நுண்ணலைப் படத்தில் அதே இடம் சுற்றுப்புறத்தைவிடக் குளிராக இருக்கிறதே, எப்படி சார்?”

படமும் சரி, பத்து கோடியும் சரி. பெருவெடிப்பு நடந்து சுமார் 3,80,000 ஆண்டுகள் கழித்துப் புறப்பட்ட ஒளி, இன்று 2.725 கெல்வின் நுண்ணலையாக எல்லாத் திசையிலிருந்தும் வந்துகொண்டிருக்கிறது. வழியில் கேலக்ஸிகள் ஈர்ப்பால் கூடிக் கிடக்கும் கொத்துகளைக் கடந்துதான் வருகிறது.

கொத்திலுள்ள வாயு மிக மெல்லியது. கன மீட்டருக்கு ஆயிரக்கணக்கில்தான் எலெக்ட்ரான் இருக்கும். நூறு ஃபோட்டான் (ஒளித்துகள்) உள்ளே போனால் தொண்ணூற்றொன்பது எதிலும் படாமல் வெளியேறிவிடும். மிச்சமுள்ள ஒன்று, ஒளியின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பாயும் எலெக்ட்ரானில் மோதி, சராசரியாக 6, 7 சதவீதம் கூடுதல் ஆற்றலோடு கிளம்பும். ஃபோட்டான் புதிதாகப் பிறக்கவில்லை, அழியவும் இல்லை. கீழ் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்கு டபுள் புரமோஷன் கொடுத்தால் கீழ் வகுப்பில் தலை குறையும், மேல் வகுப்பில் கூடும், பள்ளியின் மொத்தக் கணக்கு மாறாது அல்லவா? அதேதான் இங்கேயும். 217 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்குக் கீழே ஒளி குறைகிறது (நீங்கள் பார்த்த குளிர்ப் பள்ளம் இதுதான்), மேலே கூடுகிறது, 217-இல் வரவும் செலவும் நேராகிவிடுகிறது. ரஷ்யாவின் சுன்யாயெவும் செல்டோவிச்சும் 1970-களின் தொடக்கத்திலேயே கணக்குப் போட்டுச் சொன்னது இது. பிளாங்க் செயற்கைக்கோள் எடுத்த ஏபெல் 2319 கொத்தின் படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்: 143-இல் பள்ளம், 217-இல் வெறுமை, 353-இல் மேடு. வானில் வேறு எந்தப் பொருளும் இப்படிக் கையெழுத்துப் போடுவதில்லை.

பள்ளத்தின் ஆழம்? பெரிய கொத்துக்கே 150 கிகாஹெர்ட்ஸில் பெரும்பாலும் ஒரு மில்லிகெல்வினுக்கும் குறைவு. ஆனால் தூரம் கூடினாலும் அது மங்காது! பழைய காலத்தில் பின்னணி ஒளியே அதே விகிதத்தில் சூடாக இருந்ததால், பிரபஞ்சத்தின் விரிவில் பள்ளமும் பின்னணியும் சேர்ந்தே தேய்கின்றன. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகரின் பெயரைத் தாங்கி 1999-இல் ஏவப்பட்ட சந்திரா தொலைநோக்கி எக்ஸ் கதிரில் இதே வாயுவைப் பார்க்கிறது. எக்ஸ் கதிர் அடர்த்தியின் வர்க்கத்தைப் பொறுத்தது. நடுப்பகுதி ஜொலிக்கும், ஓரம் இருண்டுவிடும். நுண்ணலைப் பள்ளம் அழுத்தத்தைப் பொறுத்தது என்பதால் ஓரத்து மெல்லிய வாயுவும் அகப்படுகிறது.

கெடுப்பவை மூன்று. கொத்தின் நடுவே ரேடியோ கேலக்ஸி இருந்தால் தாழ் அதிர்வெண்ணில் பள்ளத்தை நிரப்பிவிடும். தொலைதூரக் கேலக்ஸிகளின் தூசி உயர் அதிர்வெண்ணில் போலி மேடு காட்டும். பல அதிர்வெண்களில் அளந்தால்தான் இவ்விரண்டையும் கழிக்க முடியும். மூன்றாவது நம் வானத்து நீராவி. சென்னைப் புழுக்கத்தில் இந்த அளவீடு நடக்கவே நடக்காது. அதனால்தான் சிலியின் அட்டகாமாவில் 5,190 மீட்டர் உயரத்துக்கும் தென்துருவத்துக்கும் போகிறார்கள். நம் ஆய்வாளர்களும் ‘சிஎம்பி-பாரத்’ என்ற செயற்கைக்கோள் திட்டத்தை இஸ்ரோவிடம் முன்வைத்திருக்கிறார்கள். அதற்குத் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கொத்தில் வாயுவோடு கரும்பொருளும் (டார்க் மேட்டர்) இருக்கிறது. அது ஒளி விடாது, ஆனால் தன் ஈர்ப்பால் பின்னாலுள்ள கேலக்ஸிகளின் உருவத்தை ஒரு சதவீதம் அளவுக்கு இழுத்து நெளிக்கும். கேலக்ஸிகள் இயல்பாகவே 30 சதவீதம் கோணலானவை. ஆயிரத்தைச் சராசரி எடுத்தாலும் அந்த ஒரு சதவீதம் இரைச்சலுக்குச் சமமாகத்தான் நிற்கும். டார்க் எனர்ஜி சர்வே என்ற வான் கணக்கெடுப்பு பத்து கோடி கேலக்ஸிகளை அளந்தது இதற்காகத்தான்.

இந்த நெளிவு வரைபடத்தையும் வாயு வரைபடத்தையும் ஒன்றோடொன்று பெருக்கிப் பார்த்தால், ஒரு கருவியின் பிழை மற்றதில் இருக்காது என்பதால் பெரும்பாலும் கழன்றுவிடும். உண்மையான பொருள் மிஞ்சும். வாயுவைப் பின்தொடரும் அண்மைக்கால அளவீடுகளில், அது கரும்பொருளைவிட வெளியே பரந்து கிடப்பது தெரிகிறது. நடுவிலுள்ள ராட்சதக் கருந்துளைகள் அதை வெளியே தள்ளுகின்றன என்பதே முதன்மையான விளக்கம். பிரபஞ்சப் பொருளில் சாதாரணப் பொருள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. அதன் இருப்பிடத்தைத் தப்பாக எடுத்துக்கொண்டால் நெளிவிலிருந்து கணக்கிடும் கரும்பொருளின் அளவும் தப்பாகும்.