'அபவுண்ட்': மலிதலும் மல்குதலும்

ராயபுரத்தில் மாலைவேளைகளில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வரும் பிள்ளைகள், 'அபவுண்ட்' என்ற வினைக்கு 'ஏராளமாக இருத்தல்' என்று அகராதியைப் பார்த்துச் சொல்கிறார்கள். அது பிழையன்று. ஆனால் ஒற்றை வினைக்கு ஒற்றை வினையே தமிழில் இருக்கும்போது இரண்டு சொற்களைச் சேர்த்து ஒட்டுப்போடத் தேவையில்லை என்றே கருதுகிறேன்.

இலத்தீனில் 'உண்டா' என்றால் அலை. அதிலிருந்து பிறந்த 'அபுண்டாரே' என்னும் வினை, நீர் கரைமீறி வழிவதைக் குறித்தது. பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்துக்கு வந்து நிலைத்தபின், அலை மறைந்து மிகுதி மட்டும் பொருளாக எஞ்சியது. வேரை மட்டும் நோக்கினால் 'பொங்குதல்' பொருந்தும். ஆயினும் இன்றைய ஆங்கில வழக்கில் இச்சொல் பொங்கும் அசைவைவிட நிறைந்திருக்கும் நிலையையே சுட்டுவதால், 'மலிதல்' என்பதே நேரான சொல்.

மலிதல் என்றால் மிகுதல். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் நீடிக்கும் மீன்பிடித் தடை முடிந்து, விசைப்படகுகள் காசிமேட்டுக்குத் திரும்பும் நாள்களில் சங்கராவும் நெத்திலியும் மலிந்து கிடந்தால் விலை இறங்கிவிடும். முதலில் மிகுதியைக் குறித்த 'மலிவு', அம்மிகுதியால் வரும் விலைக்குறைவுக்கும் பெயரானது எப்படி என்பதை அந்த ஏலக்கூடத்தில் நின்று பார்த்தாலே விளங்கும்.

ஆங்கிலத்தில் இவ்வினைக்கு இடமும் எழுவாயாகலாம், பொருளும் எழுவாயாகலாம்: 'ஆறு மீனால் மலிந்தது' என்பது போலவும், 'மீன் ஆற்றில் மலிந்தது' என்பது போலவும் எழுதுவார்கள். தமிழில் பின்னதே இயல்பு. இடத்தை முன்னிறுத்த வேண்டுமானால் 'மீன் மலிந்த ஆறு' என்று பெயரெச்சமாக்கலாம். வினைத்தொகையாகச் சுருக்கி 'மீன்மலி ஆறு' என்றால் இன்னும் அழகு.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். 'ஊழல் மலிந்த', 'பிழைகள் மலிந்த' என்று தீயவற்றோடே சேர்த்துச் சேர்த்து எழுதியதால் மலிதலின் மேல் ஒரு கறை படிந்துவிட்டது. ஆங்கிலச் சொல்லுக்கு அந்தக் கறை இல்லை. நல்லவற்றைச் சொல்லும்போது, 'கண்ணீர் மல்க' என்பதில் இன்றும் உயிரோடிருக்கும் 'மல்குதல்' கைகொடுக்கும். 'வளம் மல்கிய கழிமுகம்' என்று எழுதலாம். எனக்கோ, எண்ணூரைப் பற்றி எழுதும்போது 'ஒருகாலத்தில் இறால் மலிந்திருந்த கழிமுகம்' என்றே எழுத வருகிறது. அங்கே மீன்பிடித்து வாழ்ந்தவர்களின் வாயில் அந்தச் சொல்லுக்கு எந்தக் கறையும் இல்லை.