சம்பாக் குதிரில் குறுவை கலக்காமல் இருக்க

கும்பகோணம் பக்கத்தில் ஒரு தானிய மண்டிக்கு ஜாவாவில் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். சம்பா அறுவடை முடிந்து, தரிசில் விதைத்த உளுந்து வரத் தொடங்கிய நேரம். ராத்திரி கணக்கு முடிக்கும்போது புரோகிராம் நின்றுவிட்டது: கிளாஸ் காஸ்ட் எக்ஸெப்ஷன், அதாவது ஒரு வகைப் பொருளை வேறு வகையாக எடுக்கப் பார்த்த பிழை. அது காட்டிய வரி, நெல்லின் ஈரப்பதச் சராசரி போடும் இடம். அந்த வரியில் தப்பே இல்லை. வகை குறிப்பிடாத வெறும் 'லிஸ்ட்' (பட்டியல்) ஒன்றின் வழியாகக் காலையிலேயே உளுந்து மூட்டை நெல்லோடு சேர்ந்திருந்தது. கம்பைலர் (புரோகிராம் ஓடுமுன் அதைச் சரிபார்த்து மொழிபெயர்க்கும் கருவி) எச்சரித்தது, நான்தான் அதை அடக்கி வைத்திருந்தேன்.

ஒரு லிஸ்டில் எந்த வகைப் பொருள் இருக்கலாம் என்று 'லிஸ்ட்<நெல்>' போலக் குறிப்பிடும் வசதிதான் ஜெனரிக்ஸ். 2004-இல் ஜாவா 5-உடன் வந்த அது, வகையைக் கம்பைல் நேரத்தில்தான் சோதிக்கிறது. அப்புறம் அந்த வகை விவரம் அழிக்கப்பட்டுவிடும். அதனால் ஓடும்போது, லிஸ்டில் போடுகிறவரை யாரும் கேட்பதில்லை, எடுக்கிறவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

சம்பாவும் நெல்தானே, 'லிஸ்ட்<நெல்>' கேட்கும் இடத்தில் 'லிஸ்ட்<சம்பா>' ஏன் செல்லவில்லை என்று புதிதாகப் படிப்பவர்கள் கேட்பார்கள். விதைக்கென்று வைத்த சம்பாக் குதிர் (நெல் சேமிக்கும் கொள்கலன்) ஒன்றை வெறும் நெல் குதிர் என்று ஒருவரிடம் ஒப்படைத்தால், அவர் குறுவையையும் அதில் கொட்டுவார். குறுவையும் நெல்தான், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் விதை கெட்டது கெட்டதுதான். கம்பைலர் தடுப்பது இந்தக் கலப்பைத்தான். பொருட்களை வரிசையாக வைக்கும் இன்னொரு வழியான அரேயில் இந்தக் காவல் கிடையாது; கம்பைல் ஆகிவிடும், ஓடும்போது அரே ஸ்டோர் எக்ஸெப்ஷன் வரும்.

சரி, எல்லா ரகத்துக்கும் ஒரே மெத்தட் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதி) வேண்டுமே? எடுத்துப் பார்க்க மட்டும் என்றால் 'லிஸ்ட்<? எக்ஸ்டெண்ட்ஸ் நெல்>'. அதாவது நெல்லோ அதன் ஏதோ ஒரு ரகமோ உள்ள லிஸ்ட்; எந்த ரகமானாலும் ஈரப்பதம் கேட்கலாம். 'null' என்ற வெற்று மதிப்பைத் தவிர எதையும் உள்ளே போட முடியாது. போட மட்டும் என்றால் 'லிஸ்ட்<? சூப்பர் சம்பா>'. அதாவது சம்பாவோ அதற்கு மேலான வகையோ உள்ள லிஸ்ட்; சம்பாவைப் போடலாம், எடுத்தால் எல்லா வகைக்கும் பொதுவான வெறும் ஆப்ஜெக்ட்தான் கிடைக்கும். இரண்டும் வேண்டுமென்றால் கேள்விக்குறியே வேண்டாம்.

அரசுக் கொள்முதலில் வழக்கமான ஈரப்பத வரம்பு 17 சதவீதம். அதற்கு மேலுள்ள மூட்டைகளைப் பிரித்துத் தரும் மெத்தடுக்கு '<டி எக்ஸ்டெண்ட்ஸ் நெல்>' என்று வரம்பு வைத்தேன்; 'டி' என்பது எந்த வகை வருகிறதோ அதற்கான குறி. சம்பா லிஸ்ட் கொடுத்தால் சம்பா லிஸ்டாகவே திரும்பி வரும். வெறும் 'டி' என்றால் அதனிடம் ஈரப்பதமே கேட்க முடியாது.

அந்த வெறும் லிஸ்டை 'லிஸ்ட்<நெல்>' என்று மாற்றியதுமே உளுந்தைச் சேர்த்த வரி சிவப்பாகக் காட்டியது. உளுந்துக்குத் தனி லிஸ்ட் போட்டேன். மொத்த எடை போடும் மெத்தட் இப்போது 'லிஸ்ட்<? எக்ஸ்டெண்ட்ஸ் தானியம்>' வாங்கிக்கொள்கிறது. நெல்லுக்கும் உளுந்துக்கும் அது ஒன்றே போதும்.