பழைய ஜிப்ஸி குடும்ப வண்டி ஆகுமா?

பழைய மாருதி ஜிப்ஸி ஜீப்பை வாங்கிப் புதுப்பிக்க நினைப்பவர்களில் பலர் முதலில் செய்வது அதை உயர்த்துவதுதான். உயரமான ஸ்பிரிங், பெரிய டயர், கூரைமேல் கேரியர். பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் பள்ளிக்கூடம், மார்க்கெட், மழையில் நனைந்த மேம்பாலம் என்று ஓடப்போகிற வண்டிக்கு இவை ஒவ்வொன்றும் கெடுதல். காசு போக வேண்டிய இடம் வேறு: ஸ்பிரிங், பிரேக், டயர், பின் இருக்கை. இதை அடித்துச் சொல்வதற்குக் காரணம் ரசனை அல்ல, எளிய இயற்பியல்.

மாருதி ஜிப்ஸி 1985 டிசம்பரில் வந்தது. சுசுகி ஜிம்னி குடும்பத்தின் நீளமான வடிவம் அது. 970 சிசி கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் பழைய கருவி) எஞ்சின், 45 குதிரைத்திறன், நான்கு கியர். 1993-இல் இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை 90 மில்லிமீட்டர் கூட்டினார்கள். 1996-இல் 1298 சிசி எஞ்சினோடும் ஐந்து கியரோடும் ஜிப்ஸி கிங் வந்தது. 2000-இல் அதே கிங்குக்கு எம்.பி.எஃப்.ஐ. (பெட்ரோலை மின்னணுக் கட்டுப்பாட்டில் பீய்ச்சும்) எஞ்சின் கிடைத்து, குதிரைத்திறன் 80 ஆனது. பொதுமக்களுக்கான விற்பனை 2019-ஐ ஒட்டி நின்றது. ஊருக்குள் ஓட்ட என்றால் 2000-க்குப் பிந்தைய எம்.பி.எஃப்.ஐ. வண்டிதான் என் தேர்வு. சிக்னலில் நின்று நின்று போகும்போது கார்புரேட்டரோடு மல்லுக்கட்ட வேண்டாம். பிரேக் பூஸ்டர் (மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் கருவி) இருக்கிறதா என்பதை மட்டும் பானெட்டைத் திறந்து நேரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயிண்டைப் பார்த்து மயங்க வேண்டாம். இந்த வண்டியின் உயிர் அடியில் ஓடும் ஏணி வடிவ சேசிஸ். அதன் சட்டங்கள் உள்ளீடற்ற பெட்டிகள். சேறும் ஈரமும் உள்ளே தங்கி, உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும். கடலோர ஊரில் ஓடிய வண்டியில் உப்புக்காற்று இதை வேகப்படுத்தும். ஸ்பிரிங்கின் முனைகள் சேசிஸில் மாட்டும் இடங்களைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்தது மந்தமாகச் சத்தம் போடும். அடிப்பக்கம் முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்து விற்கிறார்கள் என்றால், பூச்சுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அப்புறம், நான்கு சக்கர இயக்கம். இந்த வண்டியின் பெருமையே அதுதான், ஆனால் காய்ந்த தார்ச்சாலையில் அதைப் போடக் கூடாது. வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் போகின்றன. ஜிப்ஸியின் முன், பின் அச்சுகளுக்கு இடையே 2.375 மீட்டர். பின் அச்சின் நடுப்புள்ளி 5 மீட்டர் ஆரத்தில் திரும்புவதாக வைத்துக்கொண்டால், முன் அச்சின் நடுப்புள்ளி சுமார் 5.5 மீட்டர் ஆரத்தில் திரும்பும். ஒரு யூ-டர்ன் முடிவதற்குள் பின் அச்சு 15.7 மீட்டரும் முன் அச்சு 17.4 மீட்டரும் ஓடியாக வேண்டும். 1.7 மீட்டர் வித்தியாசம், அதாவது சக்கரத்துக்கு முக்கால் சுற்றுக்கும் மேல். இன்றைய ஆல்-வீல் டிரைவ் கார்கள் பலவற்றில் இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட நடுவில் ஒரு டிஃபரன்ஷியலோ கிளட்சோ இருக்கும். ஜிப்ஸியில் எதுவும் கிடையாது. லீவரைப் போட்டதும் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் (அச்சுகளுக்கு விசையைக் கொண்டுபோகும் தண்டுகள்) ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். சேற்றில் அந்த முக்கால் சுற்றைச் சக்கரம் வழுக்கித் தீர்த்துவிடும். தாரில் வழுக்க முடியாது. அதனால் ஷாஃப்ட்டுகள் முறுக்கேறும், ஸ்டியரிங் கனக்கும், நாளடைவில் கிராஸ் ஜாயின்ட்டும் கியர்ப் பற்களும் தேயும்.

ஆகவே ஊருக்குள் ஜிப்ஸி ஒரு பின்சக்கர வண்டி. பின்பக்கம் எடை குறைவு என்பதால் முதல் மழையில் வளைவில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் பின்பக்கம் விலகும். மழை பெய்கிறதே என்று நான்கு சக்கரத்தைப் போட்டுக்கொண்டு நகரத்தில் சுற்றுவதும் தீர்வல்ல; நனைந்த தாரிலும் பிடிப்பு இருக்கத்தான் செய்கிறது. முன்சக்கர ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) கையால் திருப்பும் பூட்டு உள்ள வண்டி என்றால் அதைத் திறந்தே வைத்திருங்கள். முன் ஷாஃப்ட் வீணாகச் சுற்றாது.

இந்த வண்டியின் முதல் குறை சவாரி. குறிப்பாகப் பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு. முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங்தான். வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியது அது. சீட்டுக்கட்டை வளைத்தால் ஒவ்வொரு சீட்டும் அடுத்ததன்மேல் நழுவுமே, அதுபோலத்தான் பட்டைகளும் நழுவியாக வேண்டும். எஃகும் எஃகும் அழுத்தி உரசும் இடம் என்பதால் நழுவத் தொடங்கவே ஒரு குறைந்தபட்ச விசை தேவை. பெரிய பள்ளத்தில் அந்த விசை தாராளமாகக் கிடைக்கும், ஸ்பிரிங் வேலை செய்யும். நகரத்துச் சாலையின் சின்னச் சின்ன மேடு பள்ளங்களில் கிடைக்காது. அப்போது ஸ்பிரிங் அசையாமல் ஒரே கட்டையாக நிற்கும், அதிர்வு நேராக முதுகெலும்புக்கு வரும். துரு ஏறிய பட்டைகளில் உராய்வு இன்னும் கூடுதல்.

இன்னொரு காரணமும் உண்டு. ஸ்பிரிங்கின்மேல் நிற்கும் எடை எவ்வளவு என்பதைப் பொறுத்துத்தான் வண்டி எவ்வளவு வேகமாக மேலும் கீழும் ஆடும் என்பது அமையும். நொடிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறை ஆடினால் உடம்புக்கு இதம். ஜிப்ஸியின் எடை ஒரு டன்னைச் சுற்றித்தான். ஆளும் சுமையும் ஏற்றிக் காட்டில் போகப் போட்ட பின் ஸ்பிரிங், இரண்டு பேர் மட்டும் போகும்போது அந்த எடைக்கு அதிக விறைப்பு. அதனால் ஆட்டம் குறுகி, வேகம் கூடி, தூக்கித் தூக்கிப் போடுகிறது.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. ஸ்பிரிங்கைக் கழற்றி, பட்டைகளைப் பிரித்து, துருவைச் சுரண்டி, கிராஃபைட் கிரீஸ் தடவித் திரும்பக் கட்டுவது லாரி ஸ்பிரிங் வேலை தெரிந்த எந்தப் பட்டறையிலும் நடக்கும். ரப்பர் புஷ்களையும் ஷாக் அப்சார்பர்களையும் புதிதாகப் போட வேண்டும். முன்பு யாராவது கூடுதல் பட்டை சேர்த்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள். எண்ணிக்கையைக் கம்பெனி போட்டதற்கும் கீழே குறைக்காதீர்கள். அச்சை அதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பதும் இதே பட்டைகள்தான்.

இனி உயரத்துக்கு வருவோம். ஒரு வண்டி வளைவில் கவிழாமல் நிற்கும் திறனை மதிப்பிட எளிய வாய்பாடு ஒன்று உண்டு. சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு கவிழும் அபாயத்தைத் தரப்படுத்த இதைத்தான் அடிப்படையாகக் கொள்கிறது. சாதாரணக் கார்களுக்கு இந்த எண் பெரும்பாலும் 1.3 முதல் 1.5 வரை, எஸ்.யூ.வி.க்களுக்கு 1.0 முதல் 1.3 வரை. ஜிப்ஸியின் இந்த அகலம் 1.3 மீட்டர். ஈர்ப்பு மையம் 0.65 மீட்டர் உயரத்தில் இருப்பதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் விடை 1.0. இப்போது வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்துங்கள்: 0.93. பழைய, குறுகிய 1.21 மீட்டர் ஜிப்ஸிக்குக் கணக்குப் போட்டாலும் அதே 0.93. அதாவது 1993-இல் பொறியாளர்கள் அகலத்தைக் கூட்டிச் சேர்த்த நிலைத்தன்மையை, இரண்டு அங்குல லிஃப்ட் கிட்டத்தட்ட முழுவதுமாகப் பறித்துவிடுகிறது. கூரைமேல் நான்கு பெட்டி ஏற்றினால் மிச்சமும் போகும்.

பெரிய டயருக்கும் இதே கதி. எம்.பி.எஃப்.ஐ. வண்டிக்குரிய 205/70 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 668 மில்லிமீட்டர். அதற்குப் பதில் 30 அங்குல டயர் போட்டால் 762. பிரேக் டிஸ்க்கும் டிரம்மும் அப்படியே இருக்க, சக்கரத்தின் ஆரம் மட்டும் 14 சதவீதம் கூடுகிறது. மிதிக்கும் அதே மிதிக்கு, தரையில் கிடைக்கும் நிறுத்தும் விசை 12 சதவீதம் குறைகிறது. இழுவையும் அதே அளவு குறையும். ஸ்பீடோமீட்டர் 50 காட்டும்போது வண்டி 57-இல் போகும். இதற்கு ஈடுகட்டப் பிற்பாடு ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) பொருத்திக்கொள்ளலாமா என்றால், முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது சக்கரத்துக்குச் சக்கரம் சென்சாரும், அந்தந்த வண்டிக்கென்றே சீரமைத்த மென்பொருளும் கேட்கும் விஷயம். ஆகவே கம்பெனி அளவு ரேடியல் டயர், சாலைக்கான பட்டன் (டயர் மேலுள்ள ரப்பர் மேடுகள்) அமைப்பு; புது பிரேக் ஹோஸ்கள், மாஸ்டர் சிலிண்டர் கிட், புது பிரேக் ஆயில். இவற்றில் கஞ்சத்தனம் கூடாது.

பவர் ஸ்டியரிங் பலரும் வேறு காரிலிருந்து எடுத்துப் பொருத்துகிறார்கள். மின் மோட்டார் உதவும் ஸ்டியரிங், வண்டியின் வேகம் கூடக் கூட உதவியைக் குறைத்துக்கொள்ளும்படி அமைந்தது. வேகத் தகவல் அதற்குப் போகாவிட்டால் நெடுஞ்சாலையிலும் பொம்மை மாதிரி லேசாக இருக்கலாம். ஸ்டியரிங் தண்டை வெட்டி வெல்டிங் வைக்கும் பட்டறை என்றால் உடனே வெளியே வந்துவிடுங்கள். ஏ.சி.யும் போடலாம், கம்ப்ரஸர் எஞ்சினிடமிருந்து இரண்டு மூன்று குதிரைத்திறனைப் பிடுங்கும், ரேடியேட்டருக்கு முன்னால் இன்னொரு சூட்டுப் பெட்டியும் வந்து நிற்கும். எனவே ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, நல்ல ஃபேன் போட்ட பிறகு வையுங்கள். துணிக்கூரைக்குக் கீழே எந்த ஏ.சி.யும் திணறும், ஹார்ட் டாப் (கெட்டிக் கூரை) பாருங்கள்.

பின் இருக்கைதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஜிப்ஸியில் பின்னால் இருப்பவை எதிரெதிராகப் பார்த்த பெஞ்சுகள். மோதலில் உடம்பு பக்கவாட்டில் எறியப்படும். அந்தத் திசையில் தாங்க இடுப்பும் கழுத்தும் அமையவில்லை. முன்னோக்கிய இருக்கையும் பெல்ட்டும் வைக்கலாம், ஆனால் பெல்ட் எதில் பிணைக்கப்படுகிறது என்பதே கேள்வி. கடுமையான மோதலில் உடம்பு ஈர்ப்பு விசையைப்போல் 20 மடங்கை எளிதில் உணரும். 20 கிலோ குழந்தை அந்தக் கணத்தில் 400 கிலோவாக இழுக்கும். தரைத் தகட்டில் ஓட்டை போட்டு முடுக்கிய போல்ட் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். பிணைப்பு சேசிஸோடு சேர்ந்த வலுவான பகுதியில், இருபுறமும் தடித்த தகடு வைத்து இருக்க வேண்டும்.

சட்டமும் இங்கே வருகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும், ஆர்.சி.யில் பதிவான அமைப்பைத் தன்னிஷ்டத்துக்கு மாற்றுவதை அனுமதிக்கவில்லை. 15 ஆண்டு முடிந்த வண்டியை மறுபதிவுக்காக ஆய்வாளர் முன் நிறுத்தியாக வேண்டும். பதிவைப் புதுப்பித்தால் 5 ஆண்டுக்குச் செல்லும். எனவே இருக்கை வேலையைத் தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால், முன் இருக்கைகள் இரண்டை மட்டும் நம்பி ஓட்டும் வண்டி அது. சின்னக் குழந்தை உள்ள வீட்டுக்கு வேறு வண்டி பாருங்கள்.