முதல் பத்து விநாடிப் புகை

மார்கழி விடியல். இரவு முழுக்கப் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. மட்டக்களப்புக் கல்லடியில் மச்சான் வீட்டு முற்றத்தில் வாவிப் பக்கமிருந்து ஈரக்காற்று. அவன் காரை ஸ்டார்ட் செய்தான். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, இருபத்தைந்து வயது தாண்டிய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். சைலன்சரிலிருந்து குப்பென்று ஒரு புகை கிளம்பி, மதிலோரத்து முருங்கையடி வரைக்கும் போய் அங்கேயே தொங்கியது. பத்து விநாடிதான். அதற்குப் பிறகு எஞ்சின் சுத்தமாக ஓடியது.

“ஹெட் கேஸ்கட் போயிட்டுதாம் மச்சான். எஞ்சினை இறக்கவேணுமெண்டு கராஜில சொல்றாங்க” என்றான். ஹெட் கேஸ்கட் என்பது எஞ்சினின் தலைப்பகுதியான ஹெட்டுக்கும் உடலுக்கும் இடையில் இருந்து, தண்ணீர் சிலிண்டருக்குள் போகாமல் தடுக்கும் தகடு. அவன் முகம் வாடிப்போயிருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. அந்த ஐந்து வருடமும் இந்தக் காரைக் கண்போல் பார்த்தவன் அவன். எஞ்சினை இறக்குவதற்கு முன் அந்தப் பத்து விநாடியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம் என்றேன்.

புகை என்றதும் எல்லோரும் நிறத்தைத்தான் கேட்பார்கள். வெள்ளை என்றால் தண்ணீர், நீலம் என்றால் ஒயில், கறுப்பு என்றால் பெற்றோல் கூடிவிட்டது. இது சரிதான். ஆனால் ஏன் அப்படி என்று தெரிந்தால்தான் ஏமாறாமல் இருக்கலாம்.

எஞ்சினுக்குள் கசிந்த ஒயில் முழுதாக எரிவதில்லை. ஒரு பகுதி ஆவியாகி, குளிர்ந்த சைலன்சர் குழாய்க்குள் வரும்போது மிக நுண்ணிய துளிகளாக உறைகிறது. அந்தத் துளிகள் ஒரு மைக்ரோனை விடவும் சிறியவை. ஒரு மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரோன். துளி அந்த அளவை விடச் சிறுத்தால், குறைந்த அலைநீளமுள்ள நீல ஒளியைத்தான் அதிகம் சிதறடிக்கும். வானம் நீலமாக இருப்பதும் இதே கணக்கில்தான். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வைக்கோல் எரியும்போது பார்த்திருப்பீர்கள்: பின்னால் மரங்களின் இருட்டு இருந்தால் புகை நீலமாகத் தெரியும். அதே புகை மேலே எழுந்து அந்திச் சூரியனை மறைத்தால் செம்மண் நிறம். நீலம் பக்கவாட்டில் சிதறிப் போய்விட, மிச்சம் நம் கண்ணுக்கு வருகிறது. ஆகவே சைலன்சர் புகையை வானத்துக்கு நேராகப் பார்த்து முடிவு சொல்லக்கூடாது. இருண்ட மதில், கறுப்புத் துணி, ஏதாவது ஒன்று பின்னால் இருக்க வேண்டும்.

நீராவி உறைந்த துளிகள் இதைவிடப் பன்மடங்கு பெரியவை. அவை எல்லா நிறத்தையும் ஒரேயளவில் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகின்றன. கறுப்புப் புகையில் இருப்பது கரித்தூள். அது ஒளியை விழுங்கிவிடுகிறது.

ஒரு சிக்கல் உண்டு. ஒயில் அதிகமாகப் போனால் அதன் துளிகளும் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துவிடும். அப்போது ஒயில் புகையும் வெளுத்துத்தான் வரும். மச்சானின் காரில் நடந்தது இதுதான். வெள்ளையைக் கண்டதும் ஹெட் கேஸ்கட் என்று சொல்லிவிட்டார்கள்.

மாரி காலத்து மட்டக்களப்பு இன்னொரு குழப்பத்தையும் சேர்க்கிறது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகும். பெற்றோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஒட்சிசனோடு சேர்வதால் வருவது அது. நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் எஞ்சின் ஓடினால் ஒரு தேநீர்க் கோப்பை அளவு தண்ணீர் ஆவியாக வெளியே போகிறது. நண்பகல் வெயிலில் அது காற்றோடு கலந்து மறைந்துவிடும். மழை விட்ட விடியலில் காற்று ஏற்கனவே ஈரத்தால் நிறைந்திருக்கும். சூடான ஈரப்புகை அதில் கலந்தவுடன் தாங்க இடமில்லாமல் மூடுபனியாகிவிடும். நல்ல எஞ்சினும் மார்கழியில் வெள்ளைப் புகை விடுவது இதனால்தான்.

ஆவியா, ஒயிலா என்று பிரித்தறிய ஒரு வழி: புகை எங்கே சாகிறது என்று பார்க்க வேண்டும். ஆவி மெல்ல மெல்லக் கரைந்து இல்லாமல் போகும். ஒயில் துளி உலராது. அது காற்றோடு நகர்ந்து எங்காவது தொங்கும். முருங்கையடியில் தொங்கியதைக் கண்டபோதே எனக்குச் சந்தேகம். அடுத்த நாள் ஒரு வெள்ளை மட்டையைக் குழாய்க்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். மட்டை முழுதும் நனைந்தது. வீட்டுக்குள் கொண்டுபோய் விசிறிக்குக் கீழே வைத்தோம். அரை மணியில் தண்ணீர் உலர்ந்தது. ஊசி முனை அளவு மஞ்சள் புள்ளிகள் அப்படியே மிஞ்சின. விரலால் தேய்த்தால் வழுக்கியது. (இந்தச் சோதனையைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். மூடிய கொட்டகைக்குள் காரை ஓடவிட்டால் காபன் மொனொக்சைட் ஆளைக் கொன்றுவிடும்.)

ஹெட் கேஸ்கட் பழுதானால் கதை வேறு விதமாக இருக்கும். சூடான எஞ்சினை நிறுத்திய பிறகும் ரேடியேற்றர் சுற்றில் அழுத்தம் கொஞ்ச நேரம் இருக்கும், கிட்டத்தட்ட இன்னொரு வளிமண்டல அளவு. விரிசல் இருந்தால் அந்த அழுத்தம் தண்ணீரைச் சிலிண்டருக்குள் தள்ளும். காலையில் ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் ஒரு காலில் நொண்டும், வெள்ளைப் புகை நிமிடக்கணக்கில் ஓயாமல் வரும், தண்ணீர் மட்டம் நாளுக்கு நாள் இறங்கும். ரேடியேற்றருக்குள் ஊற்றும் கூலன்ட் எரியும் மணம் இனிப்பாக இருக்கும் என்பார்கள். நம் பக்கத்தில் அதை நம்ப முடியாது. பலர் ஊற்றுவது கிணற்றுத் தண்ணீர். அதில் இனிப்பு மணத்துக்கு வழியே இல்லை. கடலோரத்துக் கிணற்று உப்பு அலுமினிய ஹெட்டை அரிக்கவும் செய்யும். தயவுசெய்து ஊற்றாதீர்கள்.

ஒயில் மூடிக்கு அடியில் பால்போல் வெண்மை ஒட்டியிருந்தது என்பதுதான் கராஜில் காட்டிய இரண்டாவது சான்று. கல்லடிக்கும் டவுனுக்கும் இடையில் மட்டும் ஓடும் காரில், அதுவும் மாரியில், அந்த வெண்மை வருவது வழக்கம். எஞ்சின் நன்றாகச் சூடாகும் முன்பே நிறுத்திவிடுகிறோம். உள்ளே உறைந்த ஈரம் வெளியேற நேரமில்லை. ஒயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தோம். அதில் ஒயில் தெளிவாக இருந்தது. ரேடியேற்றர் மட்டமும் ஒரு கிழமையாக அசையவில்லை. இன்னும் ஐயம் என்றால், ரேடியேற்றர் வாயில் வைக்கும் நீலத் திரவச் சோதனை உண்டு: எரிந்த வாயு தண்ணீருக்குள் வந்தால் அதிலுள்ள காபனீரொக்சைட்டால் நீலம் மஞ்சளாகும். எங்கள் திரவம் நீலமாகவே நின்றது.

சரி, ஒயில்தான். எந்த வழியால் வருகிறது?

இங்கேதான் அந்தப் பத்து விநாடி பேசுகிறது. பிஸ்டனைச் சுற்றியிருந்து ஒயிலைத் தடுக்கும் வளையமான பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால், மிதித்து ஓட்டும்போதெல்லாம் புகைக்கும். ஸ்டார்ட்டில் மட்டும் வந்து ஓய்ந்துவிடும் புகை, எஞ்சின் தூங்கிய நேரத்தில் நடந்த ஒன்றைக் காட்டுகிறது. ஹெட்டின் மேல்தட்டில் எப்போதும் கொஞ்சம் ஒயில் தேங்கி நிற்கும். சிலிண்டருக்குக் காற்று வரும் வழியையும் புகை போகும் வழியையும் திறந்து மூடுவது வால்வு. அதன் தண்டு ஒரு குழலுக்குள் ஏறி இறங்குகிறது. இரண்டுக்கும் இடைவெளி தலைமயிரை விட மெல்லியது. குழலின் உச்சியில் ஒரு சின்ன ரப்பர்த் தொப்பி. அதுதான் வால்வ் சீல். தண்டுக்குத் தேவையான ஒயிலை மட்டும் விட்டு, மிச்சத்தைத் துடைத்துத் தடுப்பது அதன் வேலை. வருடக்கணக்கான சூட்டில் ரப்பர் இறுகினால் பிடி தளரும். இரவு முழுக்கத் துளித் துளியாக ஒயில் இறங்கி, வால்வின் முதுகிலும் பிஸ்டன் தலையிலும் காத்துக்கிடக்கும். காலையில் முதல் வெடிப்புகள் அதைச் சுருட்டி வெளியே தள்ளும். ஓடும்போதும் துளி இறங்காமலில்லை. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் வருவது மிகக் குறைவு; அதற்குள் புகைக்குழாயில் புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டரும் 250, 300 பாகை தாண்டி, வருவதை எரித்துவிடும்.

உறுதி செய்ய ஓர் இறக்கம் வேண்டும். மட்டக்களப்பில் இறக்கத்துக்கு எங்கே போவது? செங்கலடியிலிருந்து மகாஓயா, பிபிலை தாண்டி லுணுகலை ஏறும் ஏ5 வீதிக்குப் போனோம். திரும்பி இறங்கும்போது அவன் கியரில் போட்டு, மிதியிலிருந்து காலை எடுத்தான். எஞ்சினுக்குக் காற்று விடும் கதவான திரொட்டில் மூடியிருக்கும்போது உறிஞ்சுகுழாயில் அழுத்தம் வெளிக்காற்றின் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். அந்த வெற்றிடம் சீல் வழியாக ஒயிலை இழுக்கும். வளைவு முடிந்து மீண்டும் மிதித்ததும், பின்னால் மோட்டர் சைக்கிளில் வந்த எனக்கு ஒரு நீலப் பஞ்சு தெரிந்தது. காட்டின் இருட்டுக்கு முன்னால் அவ்வளவு தெளிவாக.

எல்லாக் காருக்கும் இதே தீர்ப்பு பொருந்தாது. போர்ஷே 911, டொயோட்டா 86 போன்றவற்றில் பிஸ்டன்கள் படுத்த நிலையில் ஓடும். நிறுத்திய பின் சிலிண்டரின் அடிப்பக்கம் ஒயில் தேங்கி, எப்போதாவது ஸ்டார்ட்டில் ஒரு கொத்து நீலப்புகை வருவது அவற்றின் இயல்பு. மஸ்டா ஆர்எக்ஸ்-8இன் சுழல் எஞ்சின் ஒயிலை வேண்டுமென்றே எரிப்பறைக்குள் செலுத்துகிறது. அதற்கு அங்கேயே வழுவழுப்புத் தேவை. டர்போ உள்ள காரில் அதன் சீலையும், ஒயில் திரும்பும் குழாயையும் முதலில் பார்க்க வேண்டும்.

கடைசியாகக் கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்த்தோம். நான்கு சிலிண்டரும் 170க்கும் 180 பிஎஸ்ஐக்கும் இடையில். ரிங் நலம். தடித்த ஒயில் மாற்றினால் புகை குறையும் என்று ஒருவர் சொன்னார். குறையும், ஆனால் இறுகிய ரப்பர் இறுகியதாகவே இருக்கும்.

ஹெட்டைக் கழற்றாமலே சீல் மாற்றலாம் என்று காட்டியவர் ஆரையம்பதிப் பக்கத்து வயதான மெக்கானிக் ஒருவர். வால்வின் ஸ்பிரிங்கைக் கழற்றினால் வால்வு சிலிண்டருக்குள் விழுந்துவிடும் அல்லவா? அதற்கு அவர் எடுத்தது மீன்வலைக் கடையில் வாங்கிய மெல்லிய நைலோன் கயிறு. பிளக் துவாரத்தால் கயிற்றைச் சுருட்டிச் சுருட்டி உள்ளே விட்டார். நுனியை மட்டும் வெளியே பிடித்துக்கொண்டு, கையால் எஞ்சினை மெல்லச் சுற்றினார். பிஸ்டன் மேலே வந்து கயிற்றை அழுத்த, கயிறு மெத்தைபோல் வால்வைத் தாங்கியது. “இப்ப கழட்டு மனே, விழாது” என்றார்.

பதினாறு வால்வு, பதினாறு சீல். பழையதில் ஒன்றை என் கையில் வைத்தார். புதிய சீல் நகத்துக்குப் பள்ளம் விட்டது. இது பனங்கொட்டை மாதிரி இறுகிக் கிடந்தது. உதட்டோரம் முழுக்க மெல்லிய வெடிப்புகள்.

அடுத்த நாள் விடியவும் மழை. மச்சான் ஸ்டார்ட் செய்தான். வெள்ளையாக ஆவி கிளம்பி, மதிலை எட்டுவதற்குள் கரைந்துபோனது.