வெள்ளி 30 வருஷத்துல 30 மடங்கு ஆகுமா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில கொலுசு பட்டறை வச்சிருக்குற ஒரு தம்பி கேட்டிருந்தாரு, "அண்ணா, வெள்ளி வருஷத்துக்கு 12 சதவீதம் ஏறுனா 30 வருஷத்துல 30 மடங்காமே, நம்பி வாங்கிப் போடலாமா?"

கணக்கு சரிதான். ஸ்கூல்ல படிச்ச கூட்டு வட்டிதான், 1.12-ஐ 30 தடவை பெருக்குனா 29.96 வரும். கால்குலேட்டர் இல்லன்னா ஒரு குறுக்கு வழி, 72-ஐ சதவீதத்தால வகுத்தா எத்தனை வருஷத்துல டபுள்னு சுமாரா வந்துரும். 72-ஐ 12-ஆல வகுங்க, 6 வருஷத்துக்கு ஒருக்கா டபுள், அப்போ 30 வருஷத்துல 5 டபுள், 32 மடங்கு, கிட்டத்தட்ட வந்துருச்சு பாருங்க.

எனக்கு உயிரான இடம் இனிமேதான். 12-க்கு பதிலா 9-னு போட்டுப் பாருங்க. கால்வாசிதானே குறையும்னு மனசு சொல்லும், ஆனா வர்றது 13.27 மடங்கு, பாதிக்கும் கீழ! ஏன்னா 1.12-ஐ 1.09-ஆல வகுத்தா சுமார் 1.0275, அந்த சின்ன வித்தியாசம் ஒரு தடவையோட நிக்காம வருஷா வருஷம் போன வருஷத்து வித்தியாசத்து மேலயே ஏறி உக்காந்து பெருகுது, முதல் வருஷம் கண்ணுலயே படாது, 10 வருஷத்துல 1.31 மடங்கு, 30 வருஷத்துல 2.26 மடங்கு. விலை வளர்ற அதே சூத்திரத்துல நம்ம கணிப்போட தப்பும் வளருது, தப்புக்கே கூட்டு வட்டி ஓடுது.

சரி, அந்த 12 எங்கிருந்து வந்துச்சு? ஏறுன வருஷங்களை மட்டும் பார்த்து எடுத்ததா இருக்கும். 1979 ஆரம்பத்துல உலக சந்தையில ஒரு அவுன்ஸ் வெள்ளி சுமார் 6 டாலர், அமெரிக்காவுல ஹண்ட் சகோதரர்கள்ங்கிற எண்ணெய்ப் பணக்காரங்க வாங்கிக் குவிக்க 1980 ஜனவரியில 50-ஐ தொடப் போச்சு. அந்த விலையைப் பார்த்து ஜனங்க வீட்டு வெள்ளி ஸ்பூனு, தட்டெல்லாம் உருக்கக் கொடுத்தாங்க, வெள்ளி வியாபாரம் நடக்குற எக்ஸ்சேஞ்சும் விதியை இறுக்குச்சு, அதே வருஷம் மார்ச் 27-ல 11 டாலருக்கும் கீழ. திரும்ப 50 பக்கம் வர 2011 ஏப்ரல் ஆச்சு. லேப்ல வளர்க்குற பாக்டீரியாவும் அதோட தட்டுல சாப்பாடு இருக்குற வரைக்கும்தான் டபுள் ஆகும், விலையும் அப்படித்தான், ஏறுன விலையே ஆளுங்களை விக்க வைக்கும்.

அட்சய திருதியைக்கு வாங்குனா பெருகும்னு ரெண்டு வட்டிக்கு கடன் வாங்குறவங்களைப் பார்த்தா எனக்கு வயிறு எரியுது. நாளுக்கும் நட்சத்திரத்துக்கும் இந்தக் கணக்குல இடமே கிடையாது, ஆனா அந்த வட்டி கட்டாம சேர்ந்துட்டே போனா 3 வருஷத்துல கடன் டபுள்.

தம்பி, பேப்பர்ல 6, 9, 12-னு மூணு சதவீதமும் போடுங்க. 5.74, 13.27, 29.96 மடங்கு. முதல் நம்பர் வந்தாலும் வீடு தாங்கும்ங்கிற அளவுக்கு மட்டும் வாங்குங்க.