இரவல் ஸ்கீயும் இடது முழங்காலும்

பெப்ரவரி பிறந்தால் எங்கள் பிசியோதெரபி நிலையத்துக்கு வருவதெல்லாம் முழங்கால்கள்தான். சுவிஸில் பாடசாலைகளுக்குக் குளிர்கால விடுமுறை விட்டதும் ஊரே மலைக்குக் கிளம்பும், அடுத்த திங்கட்கிழமை சிலர் ஊன்றுகோலோடு வந்து நிற்பார்கள். கொஞ்ச வருடங்களாக அவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். பிள்ளைகள் பாடசாலையோடு ஸ்கீலாகர் (பனிச்சறுக்கு முகாம்) போய்ப் பழகிவிட்டு வந்து "அம்மா, நீங்களும் வாங்கோ" என்று கூப்பிட, நாற்பது வயதில் முதன்முதலாகப் பனியில் இறங்கும் அம்மா அப்பாமார். அந்த ஆசை எனக்கு மிகவும் பிடிக்கும். அது முழங்காலோடு முடிந்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு அம்மாவுக்கு இடது முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் அறுந்திருந்தது. இங்கே டொக்டர்மார் க்ரொய்ட்ஸ்பாண்ட் என்பார்களே, அதேதான். வேகமாகப் போய் விழவில்லை, கிட்டத்தட்ட சமதரையில், நிற்கப் போகிற நேரத்தில் பின்பக்கமாகச் சரிந்திருக்கிறார். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம், ஸ்கீ மட்டும் காலை விட்டுக் கழரவில்லை. பேசிப் பார்த்ததில் சப்பாத்து மட்டும்தான் வாடகை, ஸ்கீ தம்பியுடையது. தம்பி அக்காவைவிட 20 கிலோ கூட, பதினைந்து வருடமாக ஸ்கீ ஓடுகிறவர். அக்காவின் சப்பாத்துக்கு ஏற்றபடி நீளத்தை மட்டும் நகர்த்திப் பூட்டிக் கொடுத்திருக்கிறார், இறுக்கத்தைத் தொடவே இல்லை.

சப்பாத்தை ஸ்கீயோடு பிடித்து வைத்திருக்கும் பூட்டுக்குப் பெயர் பிண்டுங். அதன் வேலை பிடிப்பது மட்டும் இல்லை, தேவைப்படும்போது விடுவதும்தான். முன்பகுதி பக்கவாட்டில் திறக்கும், குதிப்பகுதி மேல்நோக்கித் திறக்கும். எவ்வளவு விசையில் திறக்க வேண்டும் என்பதை முன்னும் பின்னும் இருக்கிற சின்னச் சாளரத்தில் ஓர் இலக்கம் காட்டும். உங்கள் நிறை, உயரம், வயது, சப்பாத்து அடியின் நீளம் (மில்லிமீற்றரில் குதிப்பக்கம் பொறித்திருக்கும்), ஓடும் விதம் ஆகிய ஐந்தையும் வைத்து அட்டவணை பார்த்துத்தான் அதைத் தீர்மானிக்கிறார்கள். 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கும் 10 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் ஒரு படி இறக்கி வைப்பார்கள். ஆக, தம்பிக்குச் சரியான இலக்கம் அக்காவுக்கு ஒருநாளும் சரிவராது.

அதனால் வாடகைக் கடைப் படிவத்தில் உண்மையை எழுதுங்கள். நிறையைக் குறைத்து எழுதினால் பூட்டு தேவையில்லாத இடத்தில் கழரும். நான் கவலைப்படுவது மற்றக் கேள்விக்காகத்தான்: எப்படி ஓடுவீர்கள், 1, 2, 3? 1 என்றால் மெதுவாக, கவனமாக ஓடுகிறவர். பக்கத்தில் பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று 2ல் புள்ளடி போடும் அப்பாமாரைக் கண்டிருக்கிறேன். முதல் நாள் என்றால் 1தான், அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. மத்தியானம் சப்பாத்து கடிக்கிறது என்று வேறு அளவு மாற்றினால் ஸ்கீயையும் கையோடு கொண்டுபோங்கள், அடியின் நீளம் மாறினால் பிண்டுங்கையும் திரும்பச் சரிபார்க்க வேண்டும்.

சப்பாத்துக்கு வருவோம், ஏனென்றால் ஸ்கீயைவிட அதுதான் முக்கியம். அளவு பாதத்தின் நீளம், சென்ரிமீற்றரில். கடையில் சுவரோடு குதியை வைத்து அளந்து கேளுங்கள். ஒரே ஒரு மெல்லிய நீளக் காலுறை போதும். குளிருமே என்று இரண்டு போட்டால் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும். உள்ளே போடும் நீளக் காற்சட்டையைச் சப்பாத்துக்குள் திணிக்கவும் கூடாது, மடிப்பு கணைக்கால் எலும்பில் அழுத்திப் புண்ணாக்கும். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்னே இலேசாக முட்ட வேண்டும், முழங்காலை முன்னே மடக்கினால் விலக வேண்டும், குதி தூக்கக் கூடாது. புதிதாகப் போடுகிறவர்களுக்கு இது இறுக்கமாகத்தான் தெரியும், உடனே ஒரு அளவு பெரிதாகக் கேட்பார்கள், அங்கேதான் பிழை நடக்கிறது. பெரிய சப்பாத்துக்குள் கால் திரும்பும், ஸ்கீ திரும்பாது. பிள்ளைகளுக்கு "அடுத்த வருடமும் போடலாம்" என்று பெரிதாக வாங்குவதும் அப்படித்தான். இங்கே பல கடைகளில் முழுப் பருவத்துக்கும் வாடகைக்குக் கொடுக்கிறார்கள், வளர்கிற பிள்ளைக்கு அதுவே நல்லது.

ஸ்கீ உங்கள் நாடி உயரம் வரை இருந்தால் போதும், குட்டையானது திருப்ப இலகு. ஹெல்மட்டையும் அங்கேயே எடுங்கள்.

இப்போது ஓர் உண்மையையும் சொல்லவேண்டும். பிண்டுங் சரியாக இருந்திருந்தால் அந்த அம்மாவின் தசைநார் தப்பியிருக்கும் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. நல்ல பிண்டுங்குகள் வந்தபிறகு கணைக்கால் எலும்பு முறிவு வெகுவாகக் குறைந்தது, முழங்காலுக்கு அந்த அளவு பாதுகாப்பு கிடைக்கவில்லை. பின்னால் இருந்தபடி விழும்போது ஸ்கீயின் வால்பகுதி நெம்புகோல் மாதிரி முழங்காலைத் திருகும், அந்தத் திருகலைப் பூட்டு பல நேரம் உணர்வதே இல்லை. அதனால் விழப் பழகுவதும் பாடம்தான். கைகள் எப்போதும் முன்னே இருக்கட்டும். விழுவது நிச்சயம் என்றால் எதிர்க்காமல் பக்கவாட்டில் விழுங்கள், வழுக்குவது முழுதாக நிற்கும்வரை எழும்ப முயலாதீர்கள். பாதி விழுந்த நிலையில் எழும்பப் பார்க்கிற அந்த நொடியில்தான் பல தசைநார்கள் போகின்றன.

இதையெல்லாம் கணவரிடமோ பிள்ளையிடமோ பழகாமல் முதல் இரண்டு மூன்று நாள் ஸ்கீ பாடசாலையில் பழகுங்கள். நகரும் கம்பளம் ஏற்றிவிடும் சின்னச் சரிவில், ஸ்கீ முனைகளைச் சேர்த்துக் குதிகளை விரித்து ஆப்பு மாதிரி பிடித்து நிற்கக் கற்றுத்தருவார்கள். நினைத்த இடத்தில் நிற்க வந்தபிறகு நீல அடையாளம் போட்ட இலகுவான பாதைக்குப் போகலாம். அதைவிடக் கடினமான சிவப்புப் பாதையை இந்த வருடம் பார்க்கவே வேண்டாம். தொடைகள் நடுங்கத் தொடங்கினால் மூன்று மணியானாலும் இரண்டு மணியானாலும் அன்றைக்குப் போதும், டிக்கெற்றுக்குக் கொடுத்த காசை நினைத்து இன்னொரு தரம் ஏறாதீர்கள்.

முழங்காலில் சத்தம் கேட்டு, சில மணி நேரத்துக்குள் வீங்கினால், நடக்க முடிகிறதே என்று விடாமல் அன்றே டொக்டரிடம் காட்டுங்கள். அப்புறம் ஒரு விஷயம். வாரத்தில் எட்டு மணித்தியாலமாவது ஒரே முதலாளியிடம் வேலை செய்தால் இப்படியான விபத்துக்கு வேலையிடத்துக் காப்புறுதி இருக்கும். வீட்டில் இருக்கும் அம்மாமாருக்கு அது இல்லை, அவர்களுடைய கிராங்கன்காசவில் (மருத்துவக் காப்புறுதியில்) விபத்தும் சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்திருக்கிறதா என்று மலைக்குப் போகும் முன்னரே காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்.