பேஸ்64 என்க்ரிப்ஷன் இல்லைங்க

ஒரு கம்பெனி ஆப்ப டெஸ்ட் பண்ணப்போ, "பாஸ்வேர்டெல்லாம் என்க்ரிப்ட் பண்ணித்தான் வெச்சிருக்கோம் சார்"னு டெவலப்பர் தம்பி சொன்னாரு, டேட்டாபேஸ தொறந்தா நெறைய வரிக்கு வால்ல சமக்குறி தொங்குது. பேஸ்64. என்க்ரிப்ஷன்னா சாவி போட்டுப் பூட்டுறது, பேஸ்64 தகவல சாதா எழுத்தா மாத்தி எழுதுற முறை மட்டும்தான், அத திருப்ப சாவியே வேண்டாம். இத்தனைக்கும் அந்தத் தம்பி ஆன்லைன்ல வீடியோ பாத்து கத்துக்கிட்டவர்தான், பழைய சீசர் சைஃபர்ல இருந்து ஆர்எஸ்ஏ வரைக்கும் எல்லா பூட்டு முறையையும் படம் போட்டு வெளக்குவாரு!

இதயெல்லாம் எங்க கத்துக்கலாம்னு கேக்குறவங்களுக்கு நான் சொல்றது ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் டான் போனே கோர்செராவுல நடத்துற கிரிப்டோகிராஃபி 1. (என்பிடெல் தளத்துல ஐஐடி காரக்பூர் பாடமும் இருக்கு, கணக்கு கொஞ்சம் தூக்கல்.) போனே பாடத்துல மொத வாரமே ஒரு ப்ரோகிராமிங் பயிற்சி வரும், ஆப்ஷனல்தானேன்னு தாண்டிடாதீங்க. ஒரே சாவில பூட்டின 11 செய்தி குடுப்பாங்க, சாவி குடுக்க மாட்டாங்க, கடைசி செய்திய படிக்கணும். பூட்டின ரெண்டு செய்திய எடுத்து எக்ஸ்ஆர் (XOR, ரெண்டையும் பிட் பிட்டா ஒப்பிட்டு, ஒண்ணா இருந்தா 0, வேறயா இருந்தா 1 போடுறது) பண்ணா சாவி அடிபட்டுப் போயிடும், மிஞ்சுறது ரெண்டு மூலச் செய்தியோட எக்ஸ்ஆர் மட்டும்தான். இங்கிலீஷ் எழுத்தையும் ஸ்பேஸையும் எக்ஸ்ஆர் பண்ணா அதே எழுத்து பெருசு சிறுசா மாறி வரும், அதனால எங்க எழுத்து மாதிரி ஒண்ணு எட்டிப் பாக்குதோ அங்க ரெண்டுல ஒண்ணுல ஸ்பேஸ் இருக்க வாய்ப்பு அதிகம், அதப் புடிச்சுக்கிட்டு ஒவ்வொரு எழுத்தா உருவிடலாம். எனக்கு ரெண்டு ராத்திரி ஆச்சு.

அடோபில 2013ல திருடு போன பாஸ்வேர்டு கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான். ஹாஷ் (திருப்பி எடுக்க முடியாத மாதிரி கலக்கிடுறது) பண்ணாம, 3டெஸ்ங்கிற பூட்டு முறைல, இசிபி மோட்ல (ஒவ்வொரு துண்டையும் தனித்தனியா ஒரே மாதிரி பூட்டுறது) பூட்டி வெச்சிருந்தாங்க, ஒரே பாஸ்வேர்டுன்னா பூட்டினதும் ஒரே மாதிரி இருக்கும், பக்கத்துலயே பாஸ்வேர்ட ஞாபகப்படுத்துற ஹின்ட் வேற பூட்டாம பச்சையா கெடந்துச்சு, அதே பாஸ்வேர்டு வெச்ச நாலு பேரோட ஹின்ட்ட சேத்துப் படிச்சாலே குறுக்கெழுத்துப் புதிர் மாதிரி விடை வந்துடும், சாவியே தேவப்படல.

பாஸ்வேர்டுக்கு வேணும்னே மெதுவா ஓடுற ஹாஷ் போடுங்க, பிகிரிப்ட் இல்லன்னா ஆர்கான்2. வெறும் எஸ்ஹெச்ஏ256 ஹாஷ் போதாது, அது ரொம்ப வேகம், திருடனுக்கும் அதே வேகம்தான்.

அந்தத் தம்பி பயிற்சிய முடிச்சுட்டு ராத்திரி 11 மணிக்கு மெசேஜ் போட்டாரு: "சார், சாட் மாட்யூல்ல ஏஇஎஸ் ஜிசிஎம் போட்டிருக்கோம், ஆனா நான்ஸ் எப்பவுமே பூஜ்யம்தான், இது அந்த 11 செய்தி கதைதானே?"

அதேதான். ஏஇஎஸ் ஜிசிஎம் நல்ல பூட்டு முறைதான், ஆனா நான்ஸ்ங்கிறது ஒவ்வொரு செய்திக்கும் மாற வேண்டிய எண், அது மாறலைன்னா எல்லா செய்தியும் ஒரே எக்ஸ்ஆர் சாவில பூட்டின மாதிரி ஆயிடும். என் ரிப்போர்ட்ல அது இல்ல, காலைல திருத்தி அனுப்பினேன்.